குழந்தை ஓர் இருக்கையில், தாய் வேறோர் இருக்கையில்: விமான டிக்கெட் எடுக்கும் முன் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கினால் விழுப்புரம், திண்டிவனம் பகுதி மஹல்லாக்களில் பயணப் பேச்சும் தொடங்கிவிடும். வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவரிடம் ஒரு மாதம் இருந்துவிட்டு வர மனைவியும் பிள்ளைகளும் கிளம்புவார்கள். உம்ராவுக்குப் பாட்டி, மகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து புறப்படும். பாஸ்போர்ட் எத்தனை மாதம் செல்லும், எத்தனை கிலோ லக்கேஜ், விசா வந்துவிட்டதா என்றெல்லாம் பலமுறை சரிபார்க்கிறோம். விமானத்துக்குள் யார் எங்கே உட்காரப் போகிறோம் என்பதை மட்டும் கேட்பதில்லை. போர்டிங் பாஸ் கைக்கு வந்த பிறகுதான் நான்கு வயதுப் பிள்ளைக்கு 24ஆம் வரிசை, உம்மாவுக்கு 9ஆம் வரிசை என்பது தெரியவருகிறது.

"காசு கட்டினால்தான் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா ஹஜ்ரத்?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு இதுதான் பதில்: இல்லை, அப்படி இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதியே இருக்கிறது. ஆனால் அந்த விதியில் ஒரு நிபந்தனை உண்டு. அதை அறியாமல் டிக்கெட் எடுத்தால், விதி இருந்தும் அது நமக்குப் பயன்படாமல் போகலாம்.

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். சுருக்கமாக டிஜிசிஏ என்பார்கள். பெற்றோரையும் குழந்தைகளையும் தனித்தனியாக உட்கார வைத்த நிகழ்வுகள் கவனத்துக்கு வந்ததை அடுத்து, 2024 ஏப்ரலில் அது விமான நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன் சாரம் இது: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் குறைந்தது ஒருவருடன் இருக்கை ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கியதற்கான பதிவையும் நிறுவனம் வைத்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வயது. 13 வயது ஆன பிள்ளை இந்த விதிக்குள் வராது. இரண்டாவது, "குறைந்தது ஒருவர்" என்ற சொல். அத்தா, உம்மா இருவருமே பிள்ளையின் இரு பக்கமும் உட்கார வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஒருவர் உடன் இருந்தால் விதி நிறைவேறிவிட்டது. மூன்றாவதுதான் மிக முக்கியம்: "அதே பி.என்.ஆர்."

பி.என்.ஆர். என்பது ரயில் டிக்கெட்டில் நாம் பார்க்கும் அதே பெயர்தான். விமானத்தில் அது பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடாக இருக்கும். ஒரே முன்பதிவில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்களோ, அத்தனை பேருக்கும் ஒரே பி.என்.ஆர். தாயும் பிள்ளையும் வெவ்வேறு பி.என்.ஆரில் இருந்தால், விதியின் வாசகப்படி விமான நிறுவனம் அவர்களைச் சேர்த்து உட்கார வைக்கக் கடமைப்பட்டதல்ல.

இந்தச் சுற்றறிக்கை இந்திய விமான நிறுவனங்களுக்கானது. வளைகுடா நாட்டு நிறுவனங்களிலோ வேறு வெளிநாட்டு நிறுவனங்களிலோ செல்பவர்கள் அந்த நிறுவனத்தின் விதியைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவில் 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி இன்னும் நுணுக்கமானது. 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை பெற்றோரை ஒட்டிய இருக்கையில் இருக்க வேண்டும். 5 முதல் 11 வயது வரை அதே வரிசையில், ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். 12, 13 வயதினர் ஒரு வரிசைக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. இதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. அங்கே பிள்ளைகளோடு குடியேறியிருக்கும் நம் உறவினர்களுக்கு இது உதவும்.

ஒரே குடும்பம் எப்படிப் பிரிகிறது?

முன்பெல்லாம் டிக்கெட் விலையிலேயே இருக்கையும் அடங்கியிருந்தது. இப்போது பயணக் கட்டணம் தனி, விருப்பமான இருக்கைக்கான கட்டணம் தனி. 2018 நவம்பரில் ஒரு பெரிய நிறுவனம், இணையவழி செக்-இன்னில் எல்லா இருக்கைகளுக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்ததும், இது விதிகளுக்கு உட்பட்டதா என்று மத்திய அமைச்சகம் பரிசீலித்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இன்றைய நிலை இதுதான்: இருக்கைக் கட்டணம் வசூலிக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அது பயணி விரும்பினால் மட்டுமே. கட்டாயம் இல்லை. எந்த இருக்கையையும் தேர்வு செய்யாதவருக்கு நிறுவனமே தானாக ஓர் இருக்கை ஒதுக்கித் தர வேண்டும். இணையதளத்தில் கட்டண இருக்கைகள் பளிச்சென்று தெரியும். "தேர்வு செய்யாமல் தொடர்க" என்ற வாய்ப்பு ஓர் ஓரத்தில் இருக்கும். அதைக் காணாமல், பணம் கட்டியே ஆக வேண்டும் என்று எண்ணிக் கட்டிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

இனி பி.என்.ஆர். பிரிவதற்கு வருவோம். இதற்குப் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணமும் காரணமல்ல. டிக்கெட் விலை அமையும் விதமே காரணம். ஒரு விமானத்தில் எல்லா இருக்கைகளும் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. குறைந்த விலையில் சில, அதற்கு மேல் சில என்று படிப்படியாக வைத்திருப்பார்கள். உதாரணமாக, குறைந்த விலைப் படியில் இரண்டு இருக்கைகள்தான் மீதம் இருக்கின்றன, உங்கள் குடும்பத்துக்கு நான்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் ஒன்றாகக் கேட்டால் கணினி பொதுவாக நான்கு பேருக்குமே அடுத்த படியின் விலையைக் காட்டும். இரண்டு, இரண்டாகப் பிரித்து எடுத்தால் முதல் இரண்டு பேருக்குக் குறைந்த விலை கிடைக்கும். நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று டிராவல்ஸ்காரரும் அப்படியே பிரித்து எடுத்துவிடுவார். பணம் மிச்சமாகிறது. தாயையும் பிள்ளையையும் சேர்க்கும் கயிறு அறுந்துவிடுகிறது.

இன்னொன்று நம் பெயர்கள். குடும்பம் முழுவதற்கும் ஒரே குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அத்தா பெயர் ஒன்று, உம்மா பெயர் வேறு, பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலியாக இருக்கும். பெயரைப் பார்த்து "இவர்கள் ஒரே குடும்பம்" என்று கணினியோ, கவுண்டரில் இருப்பவரோ ஊகிக்க வழியில்லை. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு, ஒரே குடும்பம் என்பதைக் காட்டும் அடையாளம் பி.என்.ஆர். மட்டுமே.

எனவே டிக்கெட் எடுக்கும்போது டிராவல்ஸில் சொல்ல வேண்டியவை இவை:

பிள்ளைகளும் அவர்களைக் கவனிக்கும் பெரியவரும் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். விலை கொஞ்சம் கூடினாலும் இதில் சமரசம் வேண்டாம். பிரித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால், பிள்ளைகள் உம்மாவோடு ஒன்றிலும் மற்றப் பெரியவர்கள் இன்னொன்றிலும் இருக்கட்டும்.

ஒரு பி.என்.ஆரில் பொதுவாக 9 பேர் வரைதான் சேர்க்க முடியும். 12 பேர், 14 பேர் சேர்ந்து போகும் கூட்டுக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று என்று பிரிக்காமல், ஒவ்வொரு தாயும் அவர் பிள்ளைகளும் ஒரே பக்கம் வருமாறு பிரியுங்கள்.

உம்ரா குழுவில் போகிறவர்கள், "எங்கள் வீட்டு ஆட்கள் இத்தனை பேர், இத்தனை வயதுப் பிள்ளைகள்" என்று குழு நடத்துபவரிடம் முன்பே எழுதிக் கொடுங்கள். குழு டிக்கெட்டில் நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக இருப்பார்கள். அதற்குள் யார் யாருடைய பிள்ளை என்பது தானாகத் தெரியாது.

கணவரின் டிக்கெட்டை அவருடைய கம்பெனி எடுத்துத் தந்திருந்தால் பி.என்.ஆர். தனியாகத்தான் இருக்கும். விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இரண்டு பி.என்.ஆரையும் சொல்லி, ஒரே குடும்பம் என்று குறிப்பு எழுதச் சொல்லலாம். அப்படி எழுதுவது உதவியே தவிர உரிமையாகாது. பிள்ளைகள் உம்மாவின் பி.என்.ஆரில் இருப்பதுதான் பாதுகாப்பு.

சேர்ந்து உட்காருவது வசதிக்காக மட்டும்தானா?

இரண்டு மணி நேரப் பயணம்தானே, பிள்ளை தனியாக உட்கார்ந்தால் என்ன என்று சிலர் எண்ணலாம். அழுகை, பாத்ரூம், சாப்பாடு இவற்றையெல்லாம் விட்டுவிடுவோம். உயிர்ப் பாதுகாப்பை மட்டும் பார்ப்போம்.

சுமார் 35,000 அடி உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால், மனிதன் தெளிவான நினைவோடு செயல்படக் கிடைக்கும் நேரம் 30 முதல் 60 விநாடிகள்தான். அதனால்தான் மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடியை முதலில் பெரியவர் அணிந்துகொண்டு, பிறகு பிள்ளைக்கு அணிவிக்கச் சொல்கிறார்கள். பிள்ளை பதினைந்து வரிசை தள்ளி இருந்தால் யார் அணிவிப்பது?

அவசரமாக வெளியேறும் நேரமும் அப்படித்தான். பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே ஒரு விமான வகைக்கு அனுமதி தருகிறார்கள். 2024 ஜனவரி 2 அன்று ஜப்பானின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. அதில் இருந்த 367 பயணிகளும் 12 பணியாளர்களும் உயிரோடு வெளியேறினார்கள். அந்தப் பயணிகளில் 8 பேர் சிறு குழந்தைகள். பெட்டிகளை விட்டுவிட்டு, பணியாளர் காட்டிய வாசல்களை நோக்கி எல்லோரும் நகர்ந்ததால் இது சாத்தியமானது. பிள்ளை பின்னால் இருக்க, தாய் முன்னால் இருந்தால் அவர் வாசலை நோக்கிப் போவாரா? கூட்டத்தை எதிர்த்துப் பின்னால்தான் ஓடுவார். எந்தத் தாயும் அப்படித்தான் செய்வார். அப்போது ஆபத்து அவருக்கும் பிள்ளைக்கும் மட்டுமல்ல, அந்த நடைபாதையில் இருக்கும் எல்லோருக்கும்தான்.

கைக்குழந்தை உள்ளவர்கள் கவனத்துக்கு

2 வயது நிறையாத குழந்தைக்குப் பொதுவாகத் தனி இருக்கை இல்லை. பெரியவர் மடியில்தான் பயணம். ஒரு பெரியவருக்கு ஒரு கைக்குழந்தை என்பதே கணக்கு. குழந்தைக்குத் தனியாக ஒரு சிறிய பெல்ட் தருவார்கள். அது பெரியவரின் பெல்ட்டோடு இணையும். கொடுக்க மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

இரட்டைக் குழந்தைகள் உள்ள பெற்றோர், அல்லது கைக்குழந்தையோடு வரும் அக்கா தங்கை, ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இடம் கேட்டால் மறுப்பார்கள். இது பாரபட்சம் அல்ல. மூன்று இருக்கைக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகள்தான் இருக்கும். ஆகவே மூன்று இருக்கைக்கு ஒரு கைக்குழந்தைதான் அனுமதி. நடைபாதையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று கேட்டுப் பெறலாம்.

அவசர வழி உள்ள வரிசையில் பிள்ளைகளுக்கோ, கைக்குழந்தை வைத்திருப்பவருக்கோ, கர்ப்பிணிகளுக்கோ இடம் தர மாட்டார்கள். காலை நீட்ட இடம் இருக்கிறது என்று அதைக் கேட்க வேண்டாம்.

பெரிய விமானங்களில் தடுப்புச் சுவரை ஒட்டிய வரிசையில் குழந்தைத் தொட்டில் மாட்டும் வசதி உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் டிக்கெட் எடுத்த உடனேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் எடைக்கு வரம்பும் உண்டு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தையைக் கையில்தான் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் மறந்துவிடாதீர்கள். போகும்போது குழந்தைக்கு 1 வயது 11 மாதம், திரும்பும்போது 2 வயது நிறைந்துவிடும் என்றால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் டிக்கெட் எடுத்துவிட்டால், திரும்பும் நாளில் அந்நிய ஊரின் விமான நிலையத்தில் அவதிப்பட நேரும்.

நம் ஊரிலிருந்து புறப்படும்போது

சென்னையில் இருப்பவர் சீக்கிரமே விமான நிலையம் போய்விடலாம். விழுப்புரத்திலிருந்து சுமார் 150 கி.மீ. வர வேண்டும். ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளையும் செங்கல்பட்டு நெரிசலையும் தாண்ட வேண்டும். அரசுப் பேருந்தில் வருபவர்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்கி, பெட்டிகளோடு மாநகரப் பேருந்து மாற வேண்டியிருக்கிறது. ரயிலில் வருபவர்கள் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் விமான நிலையம் எதிரே இருக்கிறது. எப்படி வந்தாலும் கவுண்டரில் நாம் கடைசி ஆட்களாக நிற்க வாய்ப்பு அதிகம். அதற்குள் சேர்ந்தாற்போல் இருந்த இருக்கைகள் போய்விட்டிருக்கும்.

எனவே வீட்டில் இருந்தே இணையவழி செக்-இன் செய்வது நமக்கு மற்றவர்களைவிட அவசியம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பே இது திறக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு நிறுவனத்தைப் பொறுத்து நேரம் மாறும். திறந்த உடனே செய்துவிடுங்கள். சேர்ந்து இடம் வரவில்லை என்று தெரிந்தால், நிறுவனத்தை அழைத்துப் பேச இன்னும் ஒரு நாள் கையில் இருக்கும். கைக்குழந்தை இருந்தால் சில நிறுவனங்களில் இணையவழி செக்-இன் ஏற்காது. அவர்கள் கவுண்டருக்கு முன்கூட்டியே போவதைத் தவிர வழியில்லை.

புதுச்சேரியில் இருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் 2024 டிசம்பரில் தொடங்கிய விமானச் சேவை ஏடிஆர் வகைச் சிறிய விமானத்தில் நடப்பது. அதில் ஒரு பக்கத்துக்கு இரண்டே இருக்கைகள். மூன்று பேர் சேர்ந்து உட்கார முடியாது. நான்கு பேர் குடும்பம் என்றால் ஒரே வரிசையில் அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு என்று கேளுங்கள்.

பெண்கள் தனியாகப் பிள்ளைகளோடு போகும்போது, பக்கத்தில் அந்நிய ஆண் அமர்வது குறித்த தயக்கமும் உண்டு. டிஜிசிஏ விதி இதைப் பற்றிப் பேசவில்லை. இண்டிகோ நிறுவனம் 2024 மே மாதத்தில், இணையவழி செக்-இன்னின்போது வேறு பெண்கள் எடுத்திருக்கும் இருக்கைகளைப் பெண் பயணிகள் பார்த்துத் தேர்வு செய்யும் வசதியை அறிமுகப்படுத்தியது. மூன்று இருக்கை வரிசையில் பிள்ளையை நடுவில் அமர்த்திக்கொள்வதும் எளிய வழி.

கவுண்டரில் கேட்பதும், விமானத்துக்குள் கேட்பதும்

போர்டிங் பாஸ் கையில் வாங்கியதும், அங்கேயே நின்று இருக்கை எண்களைப் பாருங்கள். பிரிந்திருந்தால் நகராமல் சொல்லுங்கள்: "இந்தப் பிள்ளைக்கு இத்தனை வயது. நாங்கள் ஒரே பி.என்.ஆர். டிஜிசிஏ விதிப்படி என்னோடு இடம் தர வேண்டும்." குரலை உயர்த்தத் தேவையில்லை. அங்கே தீரவில்லை என்றால் விமானம் ஏறும் கேட்டில் உள்ள அலுவலரிடம் சொல்லுங்கள். கடைசியாக, கதவு மூடும் முன் விமானப் பணியாளரிடம் சொல்லுங்கள். நாமாகவே இடம் மாறி உட்கார்ந்துவிடக் கூடாது. சிறிய விமானங்களில் எடைச் சமநிலைக்காகவும் இருக்கை ஒதுக்குகிறார்கள்.

சக பயணியிடம் கேட்க நேர்ந்தால் நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம் இருக்கிறது. ஒருவரை அவர் அமர்ந்த இடத்தில் இருந்து எழுப்பிவிட்டு அங்கே தான் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விரிவாக்கி இடம் கொடுக்கச் சொன்னார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. அந்த மனிதர் தம் இருக்கைக்குப் பணம் கட்டியிருக்கலாம். அவர் மறுத்தால் அது அவர் உரிமை. பிள்ளையைக் காட்டி அவரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். கேட்கும்போதும் நம்முடைய நல்ல இருக்கையைக் கொடுத்து அவருடைய சாதாரண இருக்கையைக் கேளுங்கள். நம் நடு இருக்கையைக் கொடுத்து அவருடைய ஜன்னல் இருக்கையைக் கேட்பது நியாயம் அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாம் தனியாகப் பயணம் செய்யும் நாளில், ஒரு தாய் கைப்பிள்ளையோடு தயங்கி நின்றால், அவர் யாராக இருந்தாலும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், கேட்கும் முன்பே எழுந்து இடம் கொடுப்போம். சபைகளில் இடம் தருபவருக்கு அல்லாஹ் இடத்தை விசாலமாக்குவதாக அல்முஜாதலா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் வாக்களிக்கிறது. தாயையும் பிள்ளையையும் பிரிப்பவரைக் குறித்த கடும் எச்சரிக்கை திர்மிதியில் இருக்கிறது. அது போர்க் கைதிகள் குறித்துச் சொல்லப்பட்டது. விமான இருக்கைக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான அந்தப் பந்தத்தை மார்க்கம் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு அது சான்று.

விதியை மீறினால்

ஒரே பி.என்.ஆரில் இருந்தும் பிள்ளையைப் பிரித்து உட்கார வைத்தார்கள் என்றால் பேசாமல் விட்டுவிட வேண்டாம். எல்லோருடைய போர்டிங் பாஸையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். பிறகு மத்திய அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலோ செயலியிலோ பதிவு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விமான நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது விழுப்புரத்திலேயே, வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போகாமல் தடுக்கும் வழி, டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் கேட்கும் ஒரே கேள்விதான்: "பிள்ளைகளும் அவர்கள் உம்மாவும் ஒரே பி.என்.ஆர்.தானே?" இந்தக் கேள்வியை நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள். ஊரில் டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களும், உம்ரா குழு அழைத்துச் செல்பவர்களும், கேட்கப்படாமலேயே இதைச் செய்து கொடுத்தால் அதுவும் ஓர் அமானிதத்தை நிறைவேற்றியதாகும். நம் குடும்பங்களின் பயணங்களை அல்லாஹ் இலேசாக்கி, பிள்ளைகளோடு நலமாய் வீடு திரும்பச் செய்வானாக.